பெயருக்கு விலை கொடுக்காதீர்கள்: எல்எஸ்யூ மேற்பார்வைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பேட்டன் ரூஜ், 20 நவம்பர் 2025

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் (எல்எஸ்யூ) மேற்பார்வைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு இந்த ஊரிலேயே தங்கிவிட்டவன் நான். செப்டம்பர் பிறந்துவிட்டால் சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டுக்கு வேறு எந்த வேலையும் கிடையாது. எல்எஸ்யூ ஆட்டம் பார்க்க டைகர் ஸ்டேடியம், இல்லையென்றால் டிவி. இந்த மடலின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். தமிழில் விரிவாக எழுதுவது, இங்கே படிக்கிற நம் பிள்ளைகளும் பிள்ளைகளை இங்கே அனுப்ப நினைக்கிற பெற்றோரும் படிக்கட்டும் என்பதற்காக. ஓர் அமெரிக்க ஃபுட்பால் கோச்சை (நம் ஊர்க் கால்பந்து இல்லை) நியமிப்பதில் அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று எவ்வளவு பணத்தையும் மரியாதையையும் பணயம் வைக்கிறது என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

அக்டோபர் 25-ஆம் தேதி இரவு டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியோடு ஆட்டம். பாதி ஆட்டம் முடிந்தபோது 18-14 என்று நாம்தான் முன்னே இருந்தோம். அதன் பிறகு அவர்கள் 35 புள்ளி எடுத்தார்கள், நாம் 7 எடுத்தோம். 49-25. ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரும் அரங்கம் ஆட்டம் முடியுமுன்பே காலியாகிக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தவர்கள் நம் தலைமைக் கோச் கெல்லியை நீக்கச் சொல்லிக் கத்தினார்கள். மறுநாளே பிரையன் கெல்லி நீக்கப்பட்டார்.

கெல்லி மோசமான கோச் அல்லர், அதையும் சொல்லிவிட வேண்டும். வந்த முதல் ஆண்டிலேயே, 2022-இல், அலபாமாவைக் கூடுதல் நேரத்தில் 32-31 என்று வீழ்த்தினார். 2023-இல் ஜேடன் டேனியல்ஸ் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹெய்ஸ்மன் விருது வாங்கியது அவருடைய அணியில்தான். நாலு சீசனில் 34 வெற்றி, 14 தோல்வி. ஆனால் 2021 இறுதியில் அவருக்கு எழுதிக் கொடுத்தது 10 ஆண்டு, 9 கோடியே 50 லட்சம் டாலர். அதில், நீக்கினாலும் கொடுத்தே ஆக வேண்டிய பாக்கியாக இன்று சுமார் 5 கோடியே 40 லட்சம் டாலர் நிற்கிறது. அவருக்கு முன்னால் எட் ஆர்ஜரானை அனுப்புவதற்குச் சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர் பேசி முடித்தீர்கள். ஆக, நாலு ஆண்டு இடைவெளியில் இரண்டு பேரை வேலை செய்ய வேண்டாம் என்று சொல்வதற்கு மட்டும் 7 கோடி டாலருக்கு மேல்.

அடுத்தவரைத் தேடுகிறீர்கள். ஊரில் எல்லோரும் பெரிய பெயர்களாகவே சொல்கிறார்கள். நம்முடைய சொந்த வரலாற்றையே ஒருமுறை திரும்பிப் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இந்த நூற்றாண்டில் எல்எஸ்யூ மூன்று முறை தேசிய சாம்பியன் ஆனது, மூன்று வெவ்வேறு கோச்களின் கீழ். நிக் சேபன் 1999 கடைசியில் மிச்சிகன் ஸ்டேட்டிலிருந்து வந்தபோது அங்கே அவர் கணக்கு 34 வெற்றி, 24 தோல்வி, ஒரு சமன். இன்று அவரை ஆகப் பெரிய கோச் என்கிறோம். அன்று அப்படிச் சொன்னவர்கள் அதிகம் பேர் இல்லை. அப்போதைய சான்சலர் மார்க் எம்மர்ட் அவரிடம் எதையோ கண்டுகொண்டு அழைத்து வந்தார். 2003-இல் கோப்பை வந்தது. லெஸ் மைல்ஸ் ஓக்லஹோமா ஸ்டேட்டில் 28 வென்று 21 தோற்றுவிட்டு 2005-இல் வந்தார், 2007-இல் கோப்பை. ஆர்ஜரானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓல் மிஸ் என்று அழைக்கப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் 10 வெற்றி, 25 தோல்வி என்று நீக்கப்பட்டவர். 2016-இல் நாலு ஆட்டம் முடிந்ததும் மைல்ஸை அனுப்பிவிட்டு இவரைத் தற்காலிகமாக உட்கார வைத்தார்கள். லூசியானாவின் பேயூ என்ற சதுப்பு நீர்ப்பகுதிப் பக்கத்து லரோஸ் ஊர்க்காரர். 2019-இல் ஜோ பரோவை வைத்துக்கொண்டு 15 ஆட்டத்தில் 15-ஐயும் வென்றார்.

நாலாவது ஆளான கெல்லி மட்டும்தான் ஏற்கெனவே பெரும் பெயரோடு வந்தவர். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் அதன் புகழ்பெற்ற பழைய கோச் நூட் ராக்னியைக் காட்டிலும் அதிக வெற்றி குவித்தவர். கோப்பை வராமல் போனது அவர் காலத்தில்தான்.

மற்ற ஊர்களிலும் இதே கதைதான். அன்று நம்மைத் துவைத்துப் போட்ட டெக்சஸ் ஏ அண்ட் எம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 டிசம்பரில் அவர்கள் ஜிம்போ ஃபிஷரை 10 ஆண்டு, 7 கோடியே 50 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். வரவேற்பு விழாவில் சான்சலர் ஜான் ஷார்ப் அவர் கையில் தேசிய சாம்பியன் என்று பொறித்த ஒரு பட்டயத்தைக் கொடுத்தார். ஆண்டு இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது, ஃபிஷர் வந்து நிரப்பிக்கொள்வார் என்று. 2021-இல் ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டினார்கள். 2023 நவம்பரில், மிசிசிப்பி ஸ்டேட்டை 51-10 என்று வென்ற மறுநாள், அவரை நீக்கினார்கள். நஷ்டஈடு 7 கோடியே 60 லட்சம் டாலருக்குக் குறையாது. வேறு வேலைக்குப் போனால் கழித்துக்கொள்ளலாம் என்ற விதிகூட அந்த ஒப்பந்தத்தில் இல்லை. இவ்வளவும் ஆன பிறகு அவர்கள் போய் அழைத்து வந்தது யாரை? டியூக்கில் இரண்டே ஆண்டு தலைமைக் கோச்சாக இருந்த மைக் எல்கோவை. இந்த ஆண்டு அவர் அணி இதுவரை தோற்கவில்லை. இந்தியானாவின் கர்ட் சிக்னெட்டியும் அப்படித்தான். ஜேம்ஸ் மேடிசன் என்ற சிறிய பல்கலைக்கழகத்திலிருந்து 62 வயதில் அழைத்துவரப்பட்டவர். அவர் வருமுன் 3 வெற்றி, 9 தோல்வி என்று கிடந்த அணி, முதல் ஆண்டிலேயே 11 ஆட்டம் வென்று, தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுக்குப் போனது. இந்த ஆண்டு அதுவும் இதுவரை தோற்கவில்லை.

ஃபிஷரையும் கெல்லியையும் முதலில் நியமித்த விளையாட்டுத் துறை இயக்குநர் ஒருவரே, ஸ்காட் உட்வர்ட். அவர் இப்போது பதவியில் இல்லை. அவரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுக் கடந்து போவது நியாயமாகாது. கெல்லியின் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தது உங்கள் குழு.

இதையொட்டி ஒரு கவலை. உட்வர்ட் அடுத்த கோச்சைத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை என்று ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி அக்டோபர் 29 அன்று செய்தியாளர்களிடம் பகிரங்கமாக அறிவித்தார். மறுநாளே உட்வர்ட் வெளியேறினார். உங்களை நியமிப்பது ஆளுநர்தான் என்பது எங்களுக்குத் தெரியும். செலவைப் பற்றி அவர் எழுப்பிய கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கோச்சைத் தேர்ந்தெடுப்பது ஆளுநர் மாளிகையின் வேலையாகக் கூடாது. இந்த மாதம் 10-ஆம் தேதி கெல்லி நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார். அவரை நீக்கும் அதிகாரம் உட்வர்டுக்கு இருக்கவில்லை என்று பல்கலைக்கழகத் தரப்பு வாதிடுவதாக அந்த மனு சொல்கிறது. ஒரு லட்சம் பேர் பார்க்க நடந்த தோல்விக்குப் பிறகு, ஊருக்கே அறிவித்த நீக்கம், உண்மையில் நடந்ததா இல்லையா என்று வழக்கு! கோச்சை எடுப்பவர் யார், கையெழுத்து யாருடையது, பிறகு பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதை இந்த முறை எழுத்தில் வையுங்கள். உட்வர்டின் இடத்துக்கு வந்திருக்கும் வெர்ஜ் ஆஸ்பெரியிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறீர்கள் என்றால் அவரையே செய்யவிடுங்கள்.

இனி ஒப்பந்தம். பத்தாண்டு வேண்டாம். ஐந்து போதும். நீக்கினால் தர வேண்டிய தொகை ஆண்டுக்கு ஆண்டு வேகமாகக் குறையட்டும். அவர் வேறு இடத்தில் சம்பாதிக்கும் ஒவ்வொரு டாலரும் நம் பாக்கியில் கழியட்டும். ஒரு நல்ல சீசனைப் பார்த்துவிட்டு, இன்னொரு ஊர் தூக்கிப் போய்விடுமோ என்ற பயத்தில் இரண்டாம் ஆண்டே நீட்டிப்புக் கொடுக்காதீர்கள். ஏ அண்ட் எம் கையைச் சுட்டுக்கொண்டது அந்த நீட்டிப்பில்தான். வாக்கெடுப்புக்கு முன்னால் முழு ஒப்பந்தத்தையும் எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள். இந்த நிபந்தனைக்கு நல்ல கோச் யாரும் வரமாட்டார் என்று ஏஜெண்டுகள் சொல்வார்கள். சொல்லட்டும். பென் ஸ்டேட், ஃப்ளோரிடா, ஆபர்ன், ஆர்கன்சா, ஓக்லஹோமா ஸ்டேட் என்று இந்த ஒரு சீசனிலேயே இத்தனை இடம் காலி. எல்லோரும் ஒரே நேரத்தில் கடைக்கு வந்து நிற்கிறார்கள், அதனால் விலை ஏறுகிறது. ஏறிய விலைக்கு வாங்கித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கோச்சுக்குக் கொடுப்பது நன்கொடையாளர் பணம், வரிப்பணம் இல்லை என்று பதில் வரும். 2019-இலும் அந்தப் பதில்தான் வந்தது. 2 கோடியே 80 லட்சம் டாலரில் ஃபுட்பால் அணிக்குப் புதிய லாக்கர் ரூம் திறந்த அதே சமயத்தில், நூலகத்தின் அடித்தளத்தில் தண்ணீர் நிற்கும் படமும் வெளியானது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாடே பார்த்தது. நன்கொடை கொடுக்கும் கைகளும் அளவானவையே. இந்த ஜூலையிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்களோடு நேரடியாக ஆண்டுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வருமானத்தைப் பகிரலாம். கெல்லியின் பாக்கித் தொகை, எல்லா விளையாட்டுகளிலும் ஆடும் நம் மாணவர்களுக்கு இரண்டரை ஆண்டுக்கும் மேல் பகிரக்கூடிய உச்சத் தொகைக்குச் சமம். களத்தில் ஆடி, காலை உடைத்துக்கொள்கிற பையனுக்குப் போக வேண்டியது, வீட்டில் இருக்கப் போகும் ஒருவருக்குப் போகிறது. எனக்கு இது பொறுக்கவில்லை.

தொலைக்காட்சியில் யாரும் பேசாத ஒன்றையும் நேர்முகத்தில் கேளுங்கள். 2021 மார்ச்சில் ஹஷ் பிளாக்வெல் சட்ட நிறுவனம் நம் பல்கலைக்கழகத்தைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. பாலியல் வன்முறைப் புகார்கள் இங்கே பல ஆண்டுகளாக எப்படிக் கவனிக்கப்படாமல் போயின, அவற்றைக் கையாள வேண்டிய அலுவலகத்துக்கு ஆளும் வசதியும் இல்லாமல் எப்படி வைத்திருந்தார்கள் என்று அது சொன்னது. ஃபுட்பால் வீரர்கள் மீதான புகார்களும் அதில் இருந்தன. ஒரு பெண் புகார் கொடுக்கிறாள், புகாருக்கு ஆளானவன் அணியின் முக்கிய வீரன், சனிக்கிழமை பெரிய ஆட்டம். அந்த வியாழக்கிழமை நீங்கள் யாருக்கு முதலில் போன் செய்வீர்கள்? ஒவ்வொரு வேட்பாளரிடமும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். அவர் முன்பு வேலை பார்த்த இடங்களில் தலைவர்களை மட்டும் விசாரிக்காமல் பயிற்சி உதவியாளர்களையும், மாணவ ஊழியர்களையும், பாதியில் வெளியேறிய வீரர்களையும் விசாரியுங்கள். என் மகளும் ஒருநாள் இந்த வளாகத்தில் படிப்பாள் என்ற ஆசையில் இதை எழுதுகிறேன்.

இந்த வாரம் ஊர் முழுக்க ஓல் மிஸ்ஸின் கோச் லேன் கிஃபின் பேச்சு. அவர் திறமையில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஓல் மிஸ் 10 ஆட்டம் வென்று ஒன்றில் மட்டும் தோற்று, பிளேஆஃப் வாசலில் நிற்கிறது. அந்தப் பையன்கள் ஜனவரியிலிருந்து உழைத்தது இதற்காக. 2021 நவம்பரில் நோட்டர் டேம் 11 ஆட்டம் வென்றிருந்தபோது நாம் கெல்லியை எடுத்தோம். அவருடைய வீரர்களுக்கு முதலில் செய்தியாக வந்தது, மறுநாள் காலை சில நிமிடச் சந்திப்பு, அவ்வளவுதான். அப்படிக் கிளம்பி வந்தவரிடம் நாம் எதிர்பார்த்த விசுவாசம் எங்கிருந்து வரும்? 2010 ஜனவரியில் டென்னசியை ஒரே சீசனில் விட்டுப் போனவர் கிஃபின். அவரையே எடுப்பதாக இருந்தாலும், தன் அணியின் கடைசி ஆட்டத்தை ஆடி முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அதுவரை காத்திருக்க நமக்கு முடியும்.

டிசம்பர் 3-ஆம் தேதி பள்ளி வீரர்கள் எந்தப் பல்கலைக்கழகத்தில் ஆடுவது என்று கையெழுத்திடும் நாள், அதற்குள் கோச் இல்லாவிட்டால் பிள்ளைகள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள் என்று உங்களை அவசரப்படுத்துவார்கள். இந்த அவசரத்தில் போட்ட கையெழுத்துகள்தான் எல்லா ஊரிலும் கோடிகளைத் தின்றிருக்கின்றன. இடைக்காலப் பொறுப்பில் இருக்கும் ஃபிராங்க் வில்சன் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். இந்த மாநிலத்தின் பள்ளிக் கோச்களையும் வீரர்களின் அம்மாக்களையும் அவரைப் போல் அறிந்தவர்கள் குறைவு. டிசம்பர் 3 அன்று அந்த வீடுகளின் வரவேற்பறையில் உட்கார்ந்து பேச அவர் போதும். புதிய கோச் யாராக இருந்தாலும் வில்சனைத் தன் குழுவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை இப்போதே தெரிவித்துவிடுங்கள். அந்தக் குடும்பங்களுக்கும் அது தெரியட்டும்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் வந்து இதையே பேசவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
எல்எஸ்யூவின் ஒரு பழைய மாணவன்