கிண்ணத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று

செவ்வாய்ப்பேட்டை, சேலம்

அன்புள்ள மாப்ளே,

கிறிஸ்மஸுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். எனக்கு சுகர் சொன்ன பேச்சைக் கேட்கிறது, முட்டிதான் கேட்பதில்லை. வீட்டில் எல்லாரும் சௌக்கியம். மணியடிச்சான் பையனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது, இனிமேல் அவனைக் கையில் பிடிக்க முடியாது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கச்சி என்னோடு பேசுவதில்லை.

நம்ம சின்னவன்தான் காரணம். லேடீஸ் சீட்டில் நீ தோளில் தூக்கி வைத்து சேலத்து விளக்குகளைக் காட்டினாயே, அவனேதான். டிப்ளமோ முடித்துவிட்டு சலேசிய சபையில் சேர்ந்ததும், இப்போது ஏற்காட்டில் சபையின் ரிட்ரீட் மடத்தில் படிப்பதும் உனக்குத் தெரியும். லீவுக்கு வந்தவன் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அம்மா, நான் பிரதராவே இருந்துடறேன், குருப்பட்டம் வேண்டாம்" என்றான். சபையை விட்டே வரப்போகிறான் என்று நினைத்து தங்கச்சிக்கு முதலில் முகம் மலர்ந்துவிட்டது, நான் பார்த்தேன். அப்புறம்தான் விளங்கியது. சபையிலேயே இருப்பான், துறவற வார்த்தைப்பாடும் கொடுப்பான். ஆனால் பூசை வைக்க மாட்டான், அங்கி கிடையாது, கடைசி வரைக்கும் பேன்ட் சட்டைதான். அன்றைக்கு இரவு அவள் சாப்பிடவில்லை.

அவள் போட்டு வைத்திருந்த திட்டம் உனக்குத் தெரியாது. முதல் பூசைக்குப் பந்தல் எங்கே, பிரியாணி யார் என்பது வரைக்கும் முடிவாகி இருந்தது. தாய்மாமன் சீர் என்று என் தலையில் கட்டியது பூசைக் கிண்ணம். எங்கள் தெருக்கோடியில் வெள்ளிப் பட்டறை இருக்கிறதே, அங்கே சொல்லி, சீட்டுப் பணத்தில் முன்பணமும் கொடுத்தாயிற்று. உள்பக்கம் பொன்முலாம், தண்டைச் சுற்றித் திராட்சைக்கொடி, அடித்தட்டின் கீழே எங்கள் அப்பா அம்மா பெயர். பட்டறைக்காரர் பென்சிலில் வரைந்து கொடுத்த தாளை தங்கச்சி ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். அவர் கொலுசு செய்கிற ஆள், கொடியின் நுனியிலெல்லாம் பழக்கதோஷத்தில் சலங்கை மாதிரி வரைந்து வைத்திருக்கிறார். இப்போது என்னைத் தெருவில் கண்டால் போதும், "என்னங்க, கிண்ணம் உண்டா இல்லையா? இல்லைன்னா கொலுசா மாத்திக்கலாமா?" என்று ஆரம்பித்துவிடுகிறார். என் வயதுக்குக் கொலுசு!

அவனிடம் பேசி மனதை மாற்று என்று தங்கச்சிதான் என்னை மலைக்கு அனுப்பினாள். போனேன். காபிப் பழம் பறிக்கிற நேரம், பஸ்ஸில் பாதிப் பேர் தோட்டத்து ஆட்கள், வளைவுக்கு வளைவு என் மேல்தான் சாய்ந்தார்கள். பையன் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரலெல்லாம் கிரீஸ். பேரிங்கைக் காதோரம் வைத்துச் சுற்றிக் கேட்டுவிட்டு, "போயிடுச்சு மாமா" என்றான். அவன் முகத்தில் இருந்த திருப்தியை நீ பார்த்திருக்க வேண்டும். நான் கேட்க வந்ததை அவனே சொன்னான்: "பூசை வைக்க ஆள் இருக்காங்க மாமா. பசங்களுக்கு லேத் சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை." சபையை ஆரம்பித்த தொன் போஸ்கோ, பிரதர்கள் வேண்டும் என்று கேட்டதே பட்டறைக்கும் அச்சுக்கூடத்துக்கும்தானே, நான் என்ன பதில் சொல்வது? கடைசியில் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்பினான். அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஆர்த்தேமிதே சாத்தி. 2022 அக்டோபர் 9-ல் போப் பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தாரே, அவர். மாப்ளே, இந்த ஆள் ஒரு கம்பவுண்டர்! சிரிக்காதே. நாற்பது வருஷம் மருந்துக்கடைக் கவுண்டரில் நின்றவன் சொல்கிறேன், நம்ம ஜாதிக்குப் பீடத்தில் இடம் கிடைத்துவிட்டது.

1880-ல் இத்தாலியில் போரெத்தோ என்ற ஊரில் பிறந்தவர். ஒன்பது வயதிலேயே கூலிக்குப் போயிருக்கிறார். பிழைப்பு இல்லாமல் 1897-ல் குடும்பமே கப்பலேறி அர்ஜென்டினா போனது, அங்கே செங்கல் சூளையில் வேலை. குருவாக வேண்டும் என்றுதான் சலேசியரிடம் சேர்ந்தார். காசநோய் வந்த ஒரு இளம் சாமியாரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சாமியார் இறந்துபோனார், நோய் இவரைப் பிடித்துக்கொண்டது. காற்று மாறட்டும் என்று அந்த நாட்டிலேயே வியட்மா என்ற ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே மருத்துவமனை நடத்திய கரோனே சாமியார், "சகாய மாதாவிடம் கேள், பிழைத்தால் நோயாளிகளுக்கே உன்னைக் கொடுத்துவிடுவதாகச் சொல்" என்றார். நம்பினார், வாக்குக் கொடுத்தார், குணமானார். குருப்பட்டம் போயிற்று. 1908-ல் பிரதராக வார்த்தைப்பாடு.

அதற்கப்புறம் 1951-ல் சாகும் வரைக்கும் அதே வியட்மா, அதே நோயாளிகள். வெள்ளைக் கோட்டு, ஒரு சைக்கிள். மருந்து கொடுக்கப் போவதும் அந்த சைக்கிளில்தான், கடன் கேட்டுப் போவதும் அதில்தான். 1917-ல் லா பிளாட்டாவுக்குப் போய்ப் பரீட்சை எழுதி மருந்தாளுநர் பட்டம் வாங்கியிருக்கிறார். சர்டிபிகேட்டை வாடகைக்கு வாங்கிச் சுவரில் மாட்டிக் கடை நடத்துகிற நம்ம ஊரை நினைத்துக்கொண்டேன். ஏழை நோயாளி வந்தால் கன்னியாஸ்திரியிடம், "இயேசுவுக்கு ஒரு கட்டில் வேண்டும்" என்று கேட்பாராம். 1941-ல் ஆயருக்கு, அதான் பிஷப்புக்கு, இல்லம் கட்டுவதற்காக மருத்துவமனையையே இடித்துவிட்டார்கள். ஆயர் இல்லத்துக்காக! நானாக இருந்தால் சபையை விட்டே போயிருப்பேன். மனுஷன் அழுதுகொண்டே நோயாளிகளை ஊருக்கு வெளியே பண்ணை வீட்டுக்கு மாற்றிக்கொண்டு போய் வேலையைத் தொடர்ந்திருக்கிறார். 1950-ல் ஏணியிலிருந்து விழுந்தார், அப்போதுதான் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. தன் இறப்புச் சான்றிதழைத் தானே எழுதித் தயாராக வைத்திருந்தார் என்று சொல்வார்கள். அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கணக்கைப் பைசா பாக்கி இல்லாமல் முடிக்கிற ஆட்களை எனக்குத் தெரியும், ஆனால் இந்த அளவுக்கு யாரையும் பார்த்ததில்லை.

இதையெல்லாம் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் சாத்தியைக் காதிலேயே வாங்கவில்லை. சலேசியப் புனிதர் என்றால் அவளுக்கு வெர்சீலியாவும் கரவாரியோவும்தான். சாமிமேடையில் சகாய மாதாவுக்குப் பக்கத்தில் படம் இருக்கிறதே, நீகூட "யாருடா இந்தத் தாடிக்காரர்?" என்று கேட்டாய். சபை தஞ்சாவூருக்கு வந்த அதே 1906-ல் சீனாப் பக்கம் மக்காவ் என்ற ஊருக்குப் போனவர் வெர்சீலியா, பிறகு சீனாவில் ஆயர். கரவாரியோ 26 வயசுப் பையன், வெர்சீலியா கையால் குருப்பட்டம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1930 பிப்ரவரி 25, ஆற்றில் படகில் போகிறார்கள், கூட மூன்று இளம்பெண்கள். கொள்ளைக்காரர்கள் மறித்துப் பெண்களை இழுக்கப் பார்க்க, இரண்டு பேரும் குறுக்கே நின்றார்கள். மூங்கில் கழியால் அடித்து, கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். ஒருவருக்கொருவர் பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டார்கள், சுட்டுவிட்டார்கள். பெண்கள் பிழைத்தார்கள். 2000-ல் இரண்டு பேருக்கும் புனிதர் பட்டம்.

"பார்த்தியா, ஆயரும் சாமியாரும்தான்" என்கிறாள் தங்கச்சி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஹங்கேரியில் இஸ்த்வான் சாண்டோர் என்று ஒரு அச்சுக்கார பிரதர், அரசாங்கம் சபைகளைத் தடை செய்த பிறகும் ரகசியமாகப் பையன்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தார், 1953-ல் தூக்கில் போட்டார்கள், இப்போது அருளாளர், புனிதர் பட்டத்துக்கு ஒரு படி கீழே, என்று சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் அவள் கிண்ணத் தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். வெர்சீலியாவுக்கும் ஒரு கிண்ணம் வந்தது தெரியுமா, இதை என் ரத்தத்தால் நிரப்ப வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னது தெரியுமா, அந்தக் கிண்ணம்தான் வேண்டுமா உனக்கு என்று கேட்டேன். "எம் பிள்ளை சாகணும்கறியா?" என்று எழுந்து போனவள்தான். இன்னும் பேசவில்லை.

அவள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. நம்ம கோயில்களில் பிரதர்களுக்கு எந்த இடம் கொடுக்கிறோம்? திருவிழா விருந்தில் சாமியார்களுக்கு முதல் பந்தி, பிரதர் பரிமாறுவார். அறுபது வயசு பிரதரைப் பார்த்து, "எப்ப சாமியாராவீங்க?" என்று கேட்கிற கிழவிகள் இருக்கிறார்கள். பிள்ளையை அந்த இரண்டாவது வரிசையில் போய் உட்காரச் சொல்ல எந்தத் தாய்க்கு மனசு வரும்? போப் பிரான்சிஸ் அர்ஜென்டினாவில் இயேசு சபை மாநிலத் தலைவராக இருந்தபோது, பிரதர்களே வருவதில்லை என்று சாத்தியிடம்தான் வேண்டிக்கொண்டாராம், வரவும் ஆரம்பித்தார்களாம். வேண்டிக்கொள்கிற அளவுக்கு வறட்சி என்றால் அந்த வறட்சியைப் பெற்றவர்கள் நாம்தான்.

என் கவலை வேறு. பையனுக்கு மனசு பெரிசு, கணக்கு சுத்தமாக வராது. கேட்டவனுக்கெல்லாம் கொடுப்பான். ஊரெல்லாம் கடன் சொன்ன சாத்திக்குப் பின்னால் யாரோ ஒருவர் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதியிருக்க வேண்டும், இவனுக்கு யார் எழுதுவது?

சரி, உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். சேலத்தில் என்னடா இருக்கிறது, எங்கள் ஓரியூரில் ஜான் டி பிரிட்டோ என்கிற அருளானந்தர் ரத்தம் சிந்திய மண்ணே சிவப்பு என்று காலமெல்லாம் பீற்றிக்கொள்கிறாயே (1623-ல் தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி எங்கள் சேலத்துக்கு வந்தார், இன்னும் பட்டம் கொடுக்காதது ரோமாபுரியின் தப்பு), அந்தப் பெருமைக்கெல்லாம் இப்போது வேலை வந்திருக்கிறது. பிப்ரவரி 4 திருவிழா முடிந்ததும் பஸ் ஏறு. உன்னை அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள் அவள், நீ சொன்னால் உட்கார்ந்து கேட்பாள். அருளானந்தரில் ஆரம்பி, மெதுவாக சைக்கிளுக்கு வா. கிண்ணத்தைப் பற்றி வாயைத் திறக்காதே, பட்டறைக்காரரிடம் தவக்காலம் வரைக்கும் டைம் கேட்டிருக்கிறேன்.

அவளுக்கு ஓரியூர் மண் ஒரு பொட்டலம் கொண்டு வா. எனக்கு நெத்திலிக் கருவாடு, போன தடவை மாதிரி பஸ்ஸில் விட்டுவிட்டு வராதே.

இப்படிக்கு,
உன் கம்பவுண்டர்