ரசவடைக்கு எதற்கு பிளாஸ்டிக் கவர்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு மாதம் முன்பு நாகர்கோவிலில் ஒரு கடையில் ரசவடை பார்சல் வாங்கினேன். ஆவி பறக்கும் ரசத்தை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் ஊற்றி நூலால் கட்டினார்கள். வடையைப் பழைய செய்தித்தாளில் பொதிந்தார்கள். வீட்டில் பிரித்தால் வடையின் மேல் எழுத்துகள் அப்படியே பதிந்திருந்தன. பிள்ளைகளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

சூடும் எண்ணெயும் பட்டால் அச்சு மையும் பிளாஸ்டிக்கில் இருக்கும் ரசாயனமும் உணவில் எளிதாக இறங்கிவிடும். ஒரு நாளில் தெரிகிற கெடுதல் இல்லை இது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேருவது. சாயா குடிக்கும் பேப்பர் கப்பின் உட்புறமும் பிளாஸ்டிக் படலம்தான். அதில் 100 மில்லி சூடான நீர் 15 நிமிடம் இருந்தாலே சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று காரக்பூர் ஐஐடியின் ஆய்வு சொல்கிறது. இந்தக் கப்புக்கும் உணவு பொதியும் பிளாஸ்டிக் தாளுக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. செய்தித்தாளில் உணவு பொதியக் கூடாது என்று 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதியும் இருக்கிறது.

மட்டியும் ஏத்தனும் செந்துளுவனும் என்று வகை வகையாக வாழை விளையும் நம் மாவட்டத்தில் இலைக்கா பஞ்சம்? என் அப்பா ரப்பர் பால் வெட்டப் போகும்போது அம்மா வாழையிலையை அடுப்பு அனலில் வாட்டி, சோறும் மரச்சீனிக் கிழங்கும் மீன் அவியலும் வைத்துப் பொதிந்து கொடுப்பார். வாட்டிய இலை மடக்கினாலும் கிழியாது. மத்தியானம் பொதியைப் பிரிக்கும்போது வரும் மணம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. இறைச்சி வாங்கினால் தேக்கிலையில் வரும். அப்போது யாருக்கும் கவர் தேவைப்படவில்லை.

கடைக்காரர்களை மட்டும் நான் குறை சொல்லவில்லை. கையை வீசிக்கொண்டு போய் பார்சல் கேட்பது நாம்தானே. ரசத்துக்கும் சாம்பாருக்கும் இலை உதவாது, சரி. ஒரு தூக்குவாளி கொண்டுபோகலாமே. நான் இப்போது வண்டியிலேயே ஒன்று வைத்திருக்கிறேன். முதல் நாள் கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் அவரே ஒரு கரண்டி ரசம் கூடுதலாக ஊற்ற ஆரம்பித்துவிட்டார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். படித்து முடித்த தாள் கடைசியில் போய்ச் சேருவது பலகாரக் கடைகளுக்கு. பக்கத்தின் அடியில் ‘இந்தத் தாளில் உணவு பொதிய வேண்டாம்’ என்று ஒரு வரி தினமும் அச்சிடுங்கள். வடை பொதிகிறவர் கண்ணில் படும்படி கொஞ்சம் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.