எங்கள் லேன் கேபிளைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கும் நெட்வொர்க் பிரிவினருக்கும்,

வணக்கம். இரண்டாம் தளத்தைப் புதுப்பித்தபோது மேசைக் கணினிகளை நெட்வொர்க்கோடு இணைத்துக்கொண்டிருந்த லேன் கேபிள்களை எடுத்துவிட்டு, எல்லோரையும் வைஃபைக்கு மாற்றினீர்கள். ஏன் என்பது உங்களுக்கே தெரியும். தளம் இப்போது பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வேலைதான் நடப்பதில்லை.

நேற்று வாடிக்கையாளரோடு வீடியோ அழைப்பில் இருந்தோம். அடுத்த வரிசையில் ஒருவர் பெரிய கோப்பு ஒன்றைச் சர்வரில் ஏற்றத் தொடங்கினார். அவர் வேலையை அவர் செய்தார், அதில் தப்பே இல்லை. எங்கள் குரல் பிசிறடித்தது, படம் உறைந்தது, "கேட்கிறதா, கேட்கிறதா" என்றே பாதி நேரம் போனது. கடைசியில் அவர்கள், "உங்கள் பக்கம் சரியானதும் கூப்பிடுங்கள்" என்று வைத்துவிட்டார்கள். மேலாளரிடம் திட்டு வாங்கியது நாங்கள்.

புகார் கொடுத்தால், சிக்னல் முழுசாக இருக்கிறதே என்கிறீர்கள். சிக்னல் இருக்கிறது ஐயா, இடம்தான் இல்லை. வைஃபையில் ஒரே சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரே துண்டில், இருக்கும் எல்லாக் கருவிகளும் காற்றைப் பங்குபோட்டு, முறைவைத்துத்தான் பேச வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான் தேறும். சாப்பாட்டு அறை மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இரைகிறது. 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் நெரிசல் குறையும், ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டுவதற்குள் அலை சோர்ந்துவிடும். ஆள் இல்லாத இரவில் நீங்கள் வேகத்தை அளந்து படம் அனுப்பினால் இது எதுவும் தெரியாது.

நீங்கள் பிடுங்கிய கேட் 6 (Cat 6) வகை லேன் கேபிள், 100 மீட்டர் வரை 1 கிகாபிட் வேகம் தரும். அனுப்புவதும் பெறுவதும் ஒரே சமயத்தில் நடக்கும். பக்கத்து மேசைக்காரர் என்ன ஏற்றினாலும் கேபிள்கள் எல்லாம் போய்ச் சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச் வரை அந்த வழி என்னுடையது மட்டுமே. அதைத்தான் திருப்பிக் கேட்கிறோம்.

வரவேற்பறையில் 'வயரில்லா அலுவலகம்' என்று பலகை வேறு. கூரையில் மாட்டியிருக்கும், வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட் பெட்டியைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். டேட்டா மட்டுமல்ல, மின்சாரமும் அதற்கு லேன் கேபிள் வழியாகத்தான் வருகிறது. அதற்குக் கேபிள் வேண்டும், எங்களுக்கு வேண்டாமாம்! உட்கார்ந்து வேலை செய்கிறவர்களைக் கேட்டு இங்கே எதுதான் நடந்திருக்கிறது? நாற்காலி மாற்றியபோது கேட்டீர்களா, ஏசி மாற்றியபோது கேட்டீர்களா? சரி, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

வைஃபை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கைபேசிக்கும் கூட்ட அறைக்கும் அது இருக்கட்டும். மேசைக்கு ஒரு லேன் போர்ட் கொடுங்கள், அவ்வளவுதான். பழைய கேபிள்கள் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே சுருட்டித்தான் கிடக்கின்றன என்று கேள்வி. எல்லோருக்கும் உடனே முடியாவிட்டால், அழைப்புகள் எடுப்பவர்களுக்கும் சர்வரில் வேலை செய்பவர்களுக்கும் முதலில் இறக்கிக் கொடுங்கள். எந்த வாரம் ஆள் அனுப்புவீர்கள் என்று தயவுசெய்து எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் தள ஊழியர்கள் சார்பில் ஒருவன்