மெரெட்டை விடாதது சரிதான், மச்சான்

அன்புள்ள குகன்,

கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் உன் ஃபுட்டி கிளப் எசென்டனைத் திட்டித் தீர்த்துவிட்டு, கடைசி அரைப் பக்கத்தில்தான் பேரன் நடக்கத் தொடங்கிய செய்தியை எழுதியிருக்கிறாய். மலர் அதை வாசித்திருந்தால் அன்று இரவு உனக்குச் சாப்பாடு கிடைத்திருக்காது. இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால்தான் மெல்பேர்ன் வெயிலையும் குளிரையும் ஒரே நாளில் தாங்க மாட்டேன் என்கிறது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

சரி, ஃபுட்டிக்கு, இந்த அவுஸ்திரேலிய ஃபுட்போலுக்கு வருவோம். 2025 இல் உங்கள் கப்டன் சாக் மெரெட் ஹோதோர்னுக்குப் போகக் கேட்டான், எசென்டன் விடவில்லை. அவனைக் கொடுத்து, பிக்குகளை, அதாவது டிராஃப்டில் இளம் ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்யும் இடங்களை அள்ளிக்கொண்டு, புதிதாகத் தொடங்கியிருக்க வேண்டும் என்கிறாய். நான் ஹோதோர்ன்காரன். அவன் வந்திருந்தால் எனக்குக் கொண்டாட்டம்தான். ஆனாலும் சொல்கிறேன், உன் கிளப் இந்த ஒரு விஷயத்தில் செய்தது சரி.

உன் மருமகனின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். "காசு கொடுத்து ஆளை வாங்கினால் என்ன?" என்று அவர் கேட்டாராம். ஐபிஎல் ஏலம் பார்த்து வளர்ந்தவர், அப்படித்தான் கேட்பார். இங்கே ஒரு கிளப் இன்னொரு கிளப்பிடம் காசு கொடுத்து ஆளை வாங்க முடியாது என்று அவருக்குச் சொல்லு. ஆளுக்கு ஆள், அல்லது ஆளுக்கு பிக். சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. கீழே முடிந்த அணிக்கு டிராஃப்டில் முதல் இடம், கோப்பை வென்ற அணிக்குக் கடைசி இடம். இவற்றையெல்லாம் விடப் பெரிய விதி ஒன்று இருக்கிறது: ஆட்டக்காரன் சம்மதிக்காமல் அவனை எங்கேயும் அனுப்ப முடியாது.

அந்த விதிதான் இந்த வியாபாரத்தையே கோணலாக்குகிறது. மெரெட் ஹோதோர்னுக்குத்தான் போவேன் என்றான். அப்படியானால் எசென்டனுக்கு வாங்குபவர் ஒரே ஒருவர்தான். மற்றப் பதினாறு கிளப்புகளும் வேலிக்கு வெளியே. ஒக்டோபர் நடுவில் டிரேட் (ஆள் பரிமாற்ற) காலத்தின் கடைசி நாள் இரவுக்குள் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி வேறு. இப்படிப்பட்ட சந்தையில் விற்பவனிடம் இருக்கும் ஒரே பலம் "மாட்டேன்" என்பதுதான். கையில் 2027 முடிவு வரை ஒப்பந்தம் இருந்தது, அதனால் அதைச் சொன்னார்கள். ஒப்பந்தம் இருக்கும் கப்டனையே விட்டுவிட்டால், அடுத்த ஒக்டோபரில் இன்னும் இரண்டு பேர் வந்து நிற்பார்கள்.

நீ உடனே ஜோ டானிஹரை இழுப்பாய், தெரியும். நியாயமான கேள்விதான். 2019 இல் அவன் சிட்னிக்குப் போகக் கேட்டான், எசென்டன் விடவில்லை. அடுத்த வருடம் நாலு ஆட்டம் மட்டும் விளையாடிவிட்டு, ஒப்பந்தம் முடிந்து, ஃப்ரீ ஏஜென்டாக பிரிஸ்பேனுக்குப் போய்விட்டான். 2024 இல் அங்கே கோப்பையும் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றான். "அன்றைக்கே விற்றிருந்தால்?" என்பது உன் வாதம். ஆனால் டானிஹருக்கு ஒப்பந்தம் ஒரு வருடம்தான் மிச்சம் இருந்தது, உடம்பும் சரியில்லை. மெரெட்டுக்கு இரண்டு முழு சீசன் இருக்கிறது, உடம்பு இரும்பு. 2027 முடியும்போது அவனுக்கு 32 வயது, அப்போது ஒன்றும் தேறாது என்பதும் உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. அந்த இரண்டு வருடமும் நடுக்களத்தில் பொடியன்களுக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவன் மெரெட் என்பதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள். மனம் வேறெங்கோ இருந்தாலும் களத்தில் ஒளிந்துகொள்ளும் ஆள் இல்லை அவன்.

இன்னொன்று. டானிஹர் போனதற்கு நட்டஈடாக லீக்கிடமிருந்து உன் கிளப்புக்கு 2020 இல் முதல் பத்துக்குள் ஒரு பிக் கிடைத்தது. அடம் சாட் கார்ல்டனுக்குப் போனதற்கு இன்னொன்று. உங்கள் சொந்தப் பிக்கோடு சேர்த்து 8, 9, 10 என்று வரிசையாக மூன்று. நிக் கொக்ஸ், ஆர்ச்சி பெர்க்கின்ஸ், சாக் ரீட். அன்று நீ தொலைபேசியில் என்ன சத்தம் போட்டாய் என்று எனக்கு மறக்கவில்லை. அப்புறம் என்ன நடந்தது? கொக்ஸும் ரீடும் காயங்களோடு போராடியே காலம் கழிந்தது. பிள்ளைகள் மேல் குற்றம் சொல்லவில்லை. ஆனால் மூன்று பிக் கையில் வந்தும் 2025 இல் ஆறு வெற்றியோடு நிற்கிற கிளப்புக்கு, இன்னும் மூன்று பிக் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எந்த நம்பிக்கையில் சொல்கிறாய்? அதுவும் ஹோதோர்ன் பிரிலிமினரி ஃபைனல் வரை, அதாவது இறுதி ஆட்டத்துக்கு முந்தைய சுற்று வரை வருகிற அணி. அதன் வருங்காலப் பிக்குகள் முதல் சுற்றின் வால் பக்கம்தான் விழும்.

பிக் என்பது வெறும் இலக்கம் மச்சான். 2004 டிராஃப்டை நினைத்துப் பார். ரிச்மண்ட் 4 ஆவது இடத்தில் ரிச்சர்ட் டாம்ப்ளிங்கை எடுத்தது. அடுத்த இடத்தில் நாங்கள் லான்ஸ் ஃப்ராங்க்ளினை எடுத்தோம். இன்றைக்கும் ரிச்மண்ட்காரர் யாரிடமாவது அதைச் சொன்னால் பேச்சை மாற்றுவார். உன் மெரெட்டே எப்படி வந்தான்? 2013 இல் ஊக்கமருந்து விவகாரத்தால் உங்கள் முதல் இரண்டு சுற்றுப் பிக்குகளையும் பறித்துவிட்டார்கள். ஸ்டுவர்ட் கிராமேரியை வெஸ்டர்ன் புல்டோக்ஸுக்குக் கொடுத்து வாங்கிய 26 ஆவது பிக்கில் வந்தவன்தான் இவன். அந்த ஒக்டோபரில் கிராமேரி போகிறானே என்றுதான் எல்லாரும் கவலைப்பட்டார்கள். 26 ஆவது பிக்கைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை சாம் மிட்செல்தான். ஹோதோர்ன் கோச்சாக மெரெட்டைக் கூப்பிட்ட அதே மிட்செல். 2001 இல் ஹோதோர்ன், ட்ரென்ட் க்ரோடையும் லூக் மக்ஃபார்லினையும் ஃப்ரீமான்டிலுக்குக் கொடுத்து 1, 20, 36 என்று மூன்று பிக் வாங்கியது. க்ரோட் போனதற்கு நான் அன்று கொதித்தேன், பிரிலிமினரி ஃபைனல் விளையாடிய அணியிலிருந்து இளம் ஆளை விடுவார்களா என்று. முதல் பிக்கில் லூக் ஹோட்ஜ் வந்தான். 36 இல் வந்தவர் மிட்செல். உயரம் குறைவு, வேகம் குறைவு என்று எல்லாரும் தள்ளிவிட்டுப் போன ஆள். நாலு கோப்பை, அதில் 2008 இல் கப்டன். லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான 2012 பிரவுன்லோ பதக்கமும் பின்னால் அவர் கைக்கு வந்தது. அது உங்கள் எசென்டன் ஆளிடமிருந்துதான் வந்தது, யார் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, புண்ணைக் கிளற மாட்டேன். வேடிக்கை என்னவென்றால் க்ரோடும் இரண்டு வருடத்தில் திரும்பி வந்து 2008 கோப்பை அணியில் விளையாடினான். ஃப்ரீமான்டிலையும் முழுக்க ஏமாளி என்று சொல்ல மாட்டேன், மக்ஃபார்லின் அவர்களுக்கு இருநூறுக்கு மேல் ஆட்டம் கொடுத்தான்.

அதே மிட்செலை 2016 இல் நாங்களே உன் பேர்த்தில் இருக்கும் வெஸ்ட் கோஸ்டுக்கு அனுப்பினோம். அந்த வருடம் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர்! கிடைத்தது என்ன? 88 ஆவது பிக்கும் கீழ்ச்சுற்று இடமாற்றங்களும். இளம் நடுக்கள ஆட்டக்காரர்களுக்கு இடம் வேண்டும் என்றார்கள். டொம் மிட்செலும் ஜேகர் ஓ'மீராவும் வந்தார்கள், முன் பிக்குகள் எல்லாம் அதில் கரைந்தன, அடுத்த வருடமே அணி கீழே போனது. டொம் மிட்செல் 2018 இல் பிரவுன்லோ வாங்கினான் என்பது ஆறுதல். ஆனால் கோப்பை வரவில்லை. 2018 கோப்பை வெஸ்ட் கோஸ்டுக்குப் போனது, அங்கே உதவிக் கோச்சாக நின்றவர் எங்கள் மிட்செல். கிளப்புக்கு ஆள் சேர்க்கிற லிஸ்ட் மனேஜர்கள் எல்லாரும் தீர்க்கதரிசிகள் என்று நீ நம்பினால் இதை ஒரு தடவை யோசித்துப் பார்.

அப்புறம் இந்த நட்டஈட்டு பிக் விஷயம். இதில் நான் உன் பக்கம், இன்னும் ஒரு படி மேலேயே கோபப்படுவேன். ஒஸ்கார் அலன் ஃப்ரீ ஏஜென்டாக வெஸ்ட் கோஸ்டை விட்டு பிரிஸ்பேனுக்குப் போனான். பிரிஸ்பேன் இரண்டு வருடம் தொடர்ந்து கோப்பை வென்ற அணி, அது ஒரு பிக்கும் கொடுக்கவில்லை. வெஸ்ட் கோஸ்டுக்கு இரண்டாவது பிக்கைக் கொடுத்தது லீக்கை நடத்தும் ஏஎஃப்எல். யார் செலவில்? பின்னால் நின்ற எல்லாக் கிளப்புகளும் ஒரு இடம் பின்னுக்குத் தள்ளப்பட்டன, உன் எசென்டன் உட்பட. போன ஆள் எப்படிப்பட்டவன் என்பதற்கும் கிடைக்கும் பிக்குக்கும் சம்பந்தமே இல்லை. 2014 இல் ஜேம்ஸ் ஃப்ரோலி மெல்பேர்னை விட்டு எங்களிடம் வந்தபோது அவர்களுக்கு 3 ஆவது பிக் கிடைத்தது. அதற்கு முதல் வருடம் ஃப்ராங்க்ளின் போனபோது எங்களுக்குக் கிடைத்தது 19. ஃப்ராங்க்ளினுக்கு 19! நட்டஈட்டு பிக் உன் சொந்தப் பிக்குக்கு அடுத்த இடத்தில் வருகிறது, நாங்கள் கோப்பை வென்றிருந்தோம், அவ்வளவுதான் காரணம். கீழே கிடக்கும் அணியில் ஆள் போனால் லொத்தர், மேலே இருக்கும் அணியில் போனால் சில்லறை. பலவீனமான அணிக்குக் கை கொடுக்க வேண்டும் என்றால் வாங்குகிற கிளப்பிடம் ஒரு பிக்கைக் கேட்டு வாங்கிக் கொடுக்கட்டுமே.

அந்த ஃப்ராங்க்ளின் ஒப்பந்தத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடம், ஒரு கோடி டொலர். பைத்தியக்காரத்தனம் என்று நாம் இருவருமே அன்று சொன்னோம். சிட்னிக்கு அவன் கோப்பை வாங்கிக் கொடுக்கவில்லை. 2014, 2016, 2022 மூன்று இறுதி ஆட்டத்திலும் தோல்வி, முதலாவது எங்களிடம். இருந்தாலும் 2022 மார்ச்சில் ஆயிரமாவது கோல் அடித்தபோது எஸ்சிஜி மைதானத்துக்குள் சனம் பாய்ந்ததைப் பார்த்தாய் அல்லவா? சிட்னியில் ஃபுட்டிக்கு அப்படி ஒரு இரவு வருமா? அது லிஸ்ட் கணக்கில் வராத இலாபம். ஒன்பது வருட ஒப்பந்தத்தையும் முழுதாக முடித்தான், ஏமாற்றவில்லை.

ஜேசன் ஹோர்ன்-ஃப்ரான்சிஸ் விஷயத்தில் நீ நோர்த் மெல்பேர்னுக்காகப் பரிதாபப்பட்டாய். முதல் பிக்கில் எடுத்த பிள்ளை ஒரே வருடத்தில் போர்ட் அடிலெய்டுக்குப் போகிறேன் என்றால் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் நாலு கிளப் சேர்ந்த அந்த டிரேடில் அவர்களுக்கு ஹாரி ஷீசலும் ஜோர்ஜ் வார்ட்லோவும் வந்தார்கள். ஷீசல் முதல் வருடத்திலேயே சிறந்த இளம் ஆட்டக்காரருக்கான ரைசிங் ஸ்டார் விருது வாங்கினான். விற்றது பிழையில்லை. ஏனென்றால் அங்கே போனது பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை. விலை உச்சத்தில் இருந்தபோது விற்றார்கள். 30 வயதுக் கப்டனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

எசென்டனுக்கு வேண்டியது பிக் இல்லை குகன். ஜீலோங் ஏன் ஆள் பிடிக்கிறது? டேஞ்சர்ஃபீல்ட், ஜெரமி கமரன், இப்போது பெய்லி ஸ்மித், எல்லாரும் தாங்களாகவே அங்கே போகக் கேட்டவர்கள். அடிலெய்டு கைவிட்ட டைசன் ஸ்டெங்கிளை சும்மா எடுத்து 2022 கோப்பை அணியில் விளையாட வைத்தார்கள். ஆள் வந்து சேர விரும்புகிற இடமாக இருந்தால் பிக் தானாக மலிவாகும். உங்களிடமிருந்து ஆள் வெளியே போகத்தான் கேட்கிறான், அதற்குக் காரணம் என்ன என்று ஒரு கிளப் தன்னையே கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை மெரெட்டை விற்றுத் தள்ளிப் போட முடியாது.

என் பொடியன் சிட்னியிலிருந்து தைப்பொங்கலுக்கு வருகிறான். சார்லி கெர்னோ கார்ல்டனிலிருந்து சிட்னி ஸ்வான்ஸுக்கு வந்ததிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை, பிக் போனதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. இருபத்தைந்து வயதில் நாமும் அப்படித்தான்.

சாவகச்சேரியிலிருந்து பெரியம்மா கூப்பிட்டார், உன்னையும் விசாரித்தார். பேர்த்தில் பனங்கிழங்கு கிடைக்கிறதா என்று கேட்கச் சொன்னார், நீயே கூப்பிட்டுச் சொல்லு.

கடைசியாக ஒரு பந்தயம். 2027 ஒப்பந்தம் முடியும்வரை மெரெட் எசென்டனிலேயே இருப்பான் என்கிறேன் நான். இல்லை, 2026 ஒக்டோபரிலேயே போய்விடுவான் என்பாய் நீ. தோற்றவர் மற்றவருக்கு விமான டிக்கெட் எடுக்க வேண்டும், நான் தோற்றால் உனக்கு மெல்பேர்ன் எம்சிஜி மைதானம், நீ தோற்றால் எனக்கு பேர்த். மருமகன் சாட்சி.

அன்புடன்,
சிவா