மூன்றாம் தரம் சொல்ல நேரம் கொடுங்கள்: இணைய ஏலத் தளங்களுக்கு ஒரு திறந்த மடல்

இணைய ஏலத் தளங்களை நடத்தும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

பிளாஸ்டிக் விமான மாடல்களை வாங்கிக் கட்டுகிறவன் நான். தயாரிப்பு நின்றுபோன கிட் (பாகங்களாக வரும், நாமே ஒட்டிக் கட்டும் பெட்டி) வேண்டுமென்றால் என்னைப் போன்றவர்களுக்கு உங்கள் தளங்களை விட்டால் பெரும்பாலும் வேறு போக்கிடம் கிடையாது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். ஏலம் முடியும் விதத்தையும், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் விதத்தையும் நீங்கள் மாற்ற வேண்டும்.

ஒரு கிட் எப்படி அரிதாகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தின் விங்நட் விங்ஸ் நிறுவனம் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனுடையது. 2009-ல் முதல் கிட்டுகளை வெளியிட்டது. முதல் உலகப் போர் விமானங்கள், 1/32 அளவு (நிஜ விமானத்தில் 32-ல் ஒரு பங்கு), கார்ட்டோகிராஃப் என்ற அச்சகம் அச்சிட்ட டீக்கல்கள் (விமானத்தின் மேல் ஒட்டும் சின்னங்கள், எண்கள்), உண்மையான விமானத்தின் பழைய புகைப்படங்களோடு ஒரு புத்தகம் போலவே இருக்கும் கட்டுமானக் குறிப்பு. 2020-ல் நிறுவனத்தை மூடிவிட்டார்கள். அதுவரை அவர்களிடமே நேராக வாங்க முடிந்த பெட்டிகள் ஏலத்துக்கு வந்தன, விலையும் மடங்கு மடங்காக ஏறியது. பாகங்களை வார்க்கும் அச்சுகளில் ஒன்றிரண்டு வேறு நிறுவனங்களுக்குக் கைமாறின. ஃபோக்கர் டிஆர்.1 விமானம் மெங் நிறுவனத்தின் பெயரில் வந்தது, லங்காஸ்டர் விமானம் பார்டர் மாடல் நிறுவனத்துக்குப் போனது. மற்றவற்றில் பலவற்றை இன்றும் ஏலத்தில்தான் தேட வேண்டும்.

இப்படிப்பட்ட பொருளுக்குச் சந்தை விலை என்று ஒன்று கிடையாது. அடுத்தவர் எவ்வளவு தரத் தயார் என்று தெரிந்தால்தான் அதன் மதிப்பே தெரியும். ஆனால் உங்களில் பலருடைய தளங்களில் ஏலம் குறித்த நொடியில் சட்டென்று முடிந்துவிடுகிறது. வாரம் முழுக்க அந்தப் பக்கம் சும்மா கிடக்கும். கடைசி ஒரு நிமிடத்தில் திடீரென்று சூடு பிடிக்கும். அதிலும் சிலர் திரைக்கு முன்னால்கூட இருப்பதில்லை. முடிய ஐந்து நொடி இருக்கும்போது தொகையைப் போடும்படி ஒரு மென்பொருளுக்குச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அமெரிக்காவில் ஞாயிறு மாலை முடிகிற ஏலம் இந்தியாவில் இருப்பவனுக்குத் திங்கள் விடியற்காலை. கண் விழித்து உட்கார்ந்திருந்தாலும், பதில் சொல்ல நேரம் இருக்காது.

நீங்கள் சொல்லும் சமாதானம் எனக்குத் தெரியும். ‘உங்களால் முடிந்த உச்சத் தொகையை முன்கூட்டியே போட்டுவிடுங்கள், தளமே உங்களுக்காகப் படிப்படியாக ஏற்றிக் கேட்கும்’ என்பீர்கள். விலை தெரிந்த பொருளுக்கு அது சரி. ஆல்வின் ரோத், ஆக்செல் ஒக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கடைசி நேரக் கேட்பைத்தான் பார்த்தது. அப்போது அமேசானும் ஏலம் நடத்தி வந்தது. ஈபேயில் குறித்த நொடியில் ஏலம் முடியும். அமேசானிலோ கடைசி 10 நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் நேரம் நீளும். கடைசி நேரப் பாய்ச்சல் ஈபேயில்தான் மிக அதிகமாக இருந்தது. ஈபேக்குள்ளேயும், கணினிகளைவிடப் பழம்பொருள்களில் அது கூடுதல். காரணம் எளிது. விவரம் தெரிந்தவர் முன்னதாகக் கேட்டால், அந்தப் பொருள் மதிப்புள்ளது என்று ஊருக்கே சொன்னதாகிவிடும். அதனால் பதுங்கியிருந்து கடைசியில் பாய்கிறார். அரிய கிட்டும் அந்தப் பழம்பொருள் வகைதான்.

நம் ஊர்க் கோயிலில் ஏலம் போடுகிறவர் ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லி, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்த பிறகுதான் ‘மூணு தரம்’ என்பார். நடுவில் ஒரு கை உயர்ந்தால் மறுபடி முதல் தரத்திலிருந்து தொடங்குவார். இதைக் கணினியில் செய்ய முடியாதா என்ன? ஜப்பானின் யாஹூ ஏலத் தளத்தில் இந்த வசதி பல காலமாக இருக்கிறது. தானாக நீளும்படி வைத்த ஏலத்தில், கடைசி 5 நிமிடத்துக்குள் யாராவது விலையை ஏற்றினால் முடிவு நேரம் 5 நிமிடம் தள்ளிப் போகும். ஹசெகாவா, டமியா நிறுவனங்களின் பழைய கிட்டுகள் அங்கே இப்படித்தான் கைமாறுகின்றன. விற்பவருக்கும் இதில் நட்டம் கிடையாது, பொருளுக்கு உரிய விலை கிடைக்கும்.

அடுத்தது பெட்டி. எனக்கு இதில்தான் வருத்தம் அதிகம்.

பிரிட்டனின் ஃபிராக் நிறுவனம் 1/72 அளவில் வல்டீ வெஞ்சன்ஸ் விமானத்தைச் செய்தது. பர்மா போர்முனையில் இந்திய விமானப்படையின் 7-ஆம், 8-ஆம் ஸ்குவாட்ரன்கள் ஓட்டிய குண்டுவீச்சு விமானம் அது. ஒரு ஏலத்தில் இந்த கிட் எனக்குக் கிடைத்தது. பெட்டிப் படம் மின்னியது, இறக்கைகளும் உடலும் சரியாக இருந்தன. ஆனால் விமானிகளின் தலைக்கு மேல் நீளமாக வரும் கண்ணாடிக் கூண்டு, அந்த ஒரே ஒரு ஒளிபுகும் பாகம், பெட்டியில் இல்லை. டீக்கல் தாள் மஞ்சளாகிப் போயிருந்தது. மஞ்சளைக்கூட ஜன்னல் வெயிலில் ஒட்டி வைத்து ஓரளவு போக்கலாம். கூண்டு இல்லாத வெஞ்சன்ஸை என்ன செய்வது? பணத்தைத் திருப்பித் தந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் விற்பனைப் பக்கத்தில் இருந்த அத்தனை படங்களிலும் மூடிதான் தெரிந்தது, உள்ளே இருந்தது தெரியவில்லை. உள்ளே இருப்பதை ஒரே ஒரு படம் எடுத்துப் போட்டிருந்தால், நானும் ஏலம் கேட்டிருக்க மாட்டேன், விற்றவரும் தபால் செலவு செய்திருக்க மாட்டார்.

இந்த கிட்டுகளை விற்பவர்களில் பலர் கட்டுபவர்கள் அல்ல. அப்பாவோ கணவரோ சேர்த்து வைத்துவிட்டுப் போன அலமாரியைக் காலி செய்கிறவர்கள். எது முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும். பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டங்கள் முழுவதும், கண்ணாடிப் பாகங்கள் தனியாக, டீக்கல் தாள் விரித்தபடி, குறிப்புத் தாள்: இந்த நான்கு படங்கள் இல்லாமல் ‘முழுமையானது’ என்று போட விடாதீர்கள். எண்ணிப் பார்க்கவில்லை என்றால் ‘எண்ணவில்லை’ என்று குறிக்க ஒரு கட்டம் வையுங்கள். அதைப் பார்த்தும் கேட்கிறவர் தெரிந்தே கேட்கிறார். ‘சீல் பிரிக்காதது’ என்பதும் சாட்சியாகாது, பிளாஸ்டிக் உறையை மறுபடி சுற்றுவது பெரிய வித்தை இல்லை.

அப்புறம், ‘அரிது’ என்ற சொல். ஃபிராக் 1970-களில் நின்றபோது அதன் அச்சுகளில் பல சோவியத் ஒன்றியத்துக்குப் போய் நோவோ என்ற பெயரில் வெளிவந்தன. ஜெர்மானிய, ஜப்பானிய விமானங்களின் அச்சுகளை சோவியத் வாங்கவில்லை, அவை ரெவெல் நிறுவனத்துக்குப் போயின. ஆக, ஒரே பிளாஸ்டிக் வெவ்வேறு பெட்டிகளில் இருக்கும். எல்லாவற்றின் மேலும் ‘மிக அரிது’ என்று எழுதுகிறார்கள். எந்த அச்சு எந்தப் பெட்டியில் வந்தது என்ற வரலாற்றை ஸ்கேல்மேட்ஸ் தளம் கிட் வாரியாகத் தொகுத்து வைத்திருக்கிறது. விற்பனைப் பக்கத்தில் கிட் எண்ணைக் கட்டாயமாக்கினாலே போதும், மீதியை நாங்கள் தேடிக்கொள்வோம்.

எல்லாப் பொருளுக்கும் இந்த விதிகளைக் கொண்டுவரச் சொல்லவில்லை. தயாரிப்பு நின்ற மாடல் கிட்டுகள் என்று ஒரு பிரிவைத் தனியாக எடுத்து, ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். எத்தனை புகார் குறைந்தது, விற்பவருக்கு எவ்வளவு கிடைத்தது என்ற கணக்கு உங்களிடமே இருக்கும். அதை வெளியிடுங்கள். பிரிவை வகுக்க உதவி வேண்டுமென்றால் கட்டுபவர்களைக் கேளுங்கள், நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு விமான மாடல் கட்டுபவன்