தனித்தொகுதியும் தனி வாக்காளர் முறையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் சட்டசபைப் பிரதிநிதித்துவம் குறித்து 1932-இல் ஏற்பட்ட பூனா ஒப்பந்தம் பற்றிய கட்டுரைகளில் 'அம்பேத்கர் தனித்தொகுதி கேட்டார், காந்தி எதிர்த்தார்' என்ற வரி அடிக்கடி வருகிறது. படிப்பவர் இன்றைய தனித்தொகுதியைத்தான் நினைத்துக்கொள்வார். ஆனால் இன்றைய தனித்தொகுதி அந்த ஒப்பந்தத்தின் வழியில் வந்தது. அம்பேத்கர் கேட்டது வேறு: ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் பிரதிநிதியை அவர்கள் மட்டுமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் முறை. ஓர் இடத்தின் எல்லைக்கும் அங்கே ஓட்டுப் போடும் மக்கள் திரளுக்கும் 'தொகுதி' என்ற ஒரே சொல்லைப் புழங்குவதால் வரும் பிழை இது.

யார் வேட்பாளராக நிற்கலாம் என்பது ஒரு கேள்வி, யார் ஓட்டுப் போடலாம் என்பது இன்னொன்று. பிரிட்டிஷ் ஆட்சியின் 1909 இந்திய கவுன்சில்கள் சட்டம் முஸ்லிம்களுக்கு ஒதுக்கிய இடங்களில் முஸ்லிம்கள் மட்டுமே வாக்களித்தார்கள். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கும் அதே முறையை நீட்டித்தது. தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம், பொதுத்தொகுதியிலும் ஓட்டுப் போடலாம். 'இரட்டை வாக்குரிமை' என்ற பெயர் இதனால் வந்ததே. செப்டம்பர் 24-இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் மாகாண சட்டசபைகளில் அவர்களுக்கான இடங்களை 71-இலிருந்து 148 ஆக்கியது. சென்னை மாகாணத்தில் மட்டும் 18 இடங்கள் 30 ஆயின. இடங்கள் கூடின, வாக்காளர் மாறிவிட்டார்கள். நான்கு பேர் கொண்ட வேட்பாளர் குழுவைத் தேர்வு செய்யும் முதல்நிலைத் தேர்தல் மட்டுமே ஒடுக்கப்பட்ட வகுப்பினர் கையில் இருந்தது. அந்த நால்வரில் வெல்பவர் யார் என்பதைப் பொது வாக்காளர்கள் முடிவு செய்தார்கள்.

அரசியல் சாசனத்தின் 325-ஆம் பிரிவு, ஒரு தொகுதிக்கு ஒரே பொது வாக்காளர் பட்டியல் என்கிறது. தனித்தொகுதியான நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதியில் நிற்பவர் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும். வாக்குச்சாவடி வரிசையில் எல்லாச் சாதியினரும் நிற்பார்கள். பெரும்பாலான தனித்தொகுதிகளில் பட்டியல் சாதி வாக்காளர்கள் சிறுபான்மைதான். ஆகவே அங்கே வென்றவரைப் 'பட்டியல் சாதி மக்கள் தேர்ந்தெடுத்தவர்' என்று எழுதுவது தவறு. பிறர் ஓட்டை நம்பியே வெல்ல வேண்டிய இந்த நிலைமைதான் அம்பேத்கரின் கவலையாக இருந்தது. சொல்லைக் குழப்பினால் அந்த வாதமே வாசகருக்குத் தெரியாமல் போகிறது.

ஒதுக்கீடு இல்லாத இடத்திலும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் நிற்கலாம். 1957-இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் இரட்டை உறுப்பினர் தொகுதியில், பழங்குடியினருக்கு ஒதுக்கியது ஒன்று, பொது இடம் ஒன்று என்ற இரண்டு இடங்களையும் பழங்குடியினரே வென்றார்கள்; தோற்ற வி.வி.கிரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த முடிவைச் செல்லும் என்றது.

'தனி வாக்காளர் தொகுதி' என்று எழுதினாலும், தலைப்பில் இடம் போதாதபோது நடுச்சொல் வெட்டுப்பட்டுப் பழைய பிழை திரும்பிவிடுகிறது. 'தனி வாக்காளர் பட்டியல்' என்றாலோ பட்டியல் சாதியோடு குழம்பும். வரலாற்றுக் கட்டுரைகளில் 'தனி வாக்காளர் முறை' என்றும், எல்லாரும் சேர்ந்து ஓட்டுப் போடுவதைக் 'கூட்டு வாக்காளர் முறை' என்றும் எழுதி, 'தனித்தொகுதி'யை இன்றைய ஒதுக்கீட்டுத் தொகுதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். தேர்தல் அட்டவணைகளில், பழங்குடியினருக்கு ஒதுக்கிய ஏற்காடு, சேந்தமங்கலம் இரண்டுக்கும் வெறும் '(தனி)' போடாமல் '(பழங்குடி)' என்றே குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்