டப்பாவில் தமிழில் நாலு வரி

ஆயுஷ் அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். மதுரை கீழமாசி வீதியில் தாத்தா காலத்திலிருந்து நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறோம். அமுக்கராங்கிழங்கு, அதாவது அசுவகந்தா, விற்றுச் சாப்பிடுகிறவன் அமுக்கராவைத் திட்ட வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது வருகிற டப்பாவில் தமிழில் நாலு வரி எச்சரிக்கை அச்சிட வையுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன மாசியில் ஒரு அம்மா காலி டப்பாவோடு கடைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும், தையல் வேலை. "அண்ணே, இதே மாத்திரை இருக்கா? மாடி ஏறினா மூச்சு வாங்குது, ஒரே அசதி. போன்ல விளம்பரம் பார்த்து வாங்குனேன், மூணு டப்பா முடிஞ்சிருச்சு" என்றார். அசுவகந்தா கேப்சூல். டப்பாவில் பாய்கிற குதிரைப் படம். பேசிக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலு பச்சரிசியை வாயில் போட்டு மென்றார். நகமெல்லாம் வெளுத்துக் கிடந்தது.

அரிசி மெல்லுகிற அசதி எந்த அசதி என்று எங்கள் கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். மாத்திரை கொடுக்காமல், ரத்தம் பார்த்துவிட்டு வாங்கம்மா என்று அனுப்பினேன். ஹீமோகுளோபின் 6.4, கடுமையான ரத்தசோகை. மூன்று டப்பா தீரும் வரை அந்த உடம்பு இரும்புச்சத்துக்கு ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

இது அபூர்வமான கதை இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் நாட்டளவில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4. அசதி என்று சொல்லி வருகிற பெண்களில் பாதிக்குமேல் முதலில் பார்க்க வேண்டியது ரத்தத்தை. தைராய்டு, சர்க்கரை எல்லாம் அதற்கு அடுத்த வரிசை.

எங்கள் பக்கத்து முறையே வேறு. அமுக்கராவைப் பால் ஆவியில் புட்டுப்போல அவித்து (பிட்டவியல்), வெயிலில் காய வைத்து இடிப்போம். அமுக்கராச் சூரணத்தில் கிராம்பு ஒரு பங்கு என்றால் சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போய், திப்பிலி, சுக்கு தாண்டி அமுக்கரா 64 பங்கில் நிற்கும், சர்க்கரை 128. வைத்தியர் நாடி பார்த்து, பசி, தூக்கம், மாதவிலக்கு எல்லாம் கேட்டுத்தான் எழுதுவார். டப்பா யாரையும் எதுவும் கேட்பதில்லை. நானும் பல வருடம் கேட்காமலே பொட்டலம் கட்டிக் கொடுத்தவன்தான்.

விளம்பரத்தைப் பற்றிப் பேசி நேரத்தைக் கெடுக்க மாட்டேன். சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்து விளம்பரத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்று 2018-ல் கொண்டுவந்த 170-ம் விதியை 2024 ஜூலையில் நீங்களே நீக்கினீர்கள். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை நிறுத்திவைத்தது, 2025 ஆகஸ்டில் வழக்கை முடித்து அந்தத் தடையையும் விலக்கியது. அது பெரிய இடத்துச் சண்டை. நான் கேட்பது டப்பாவின் மேல் ஒட்டுகிற தாளைப் பற்றி.

எட்டி, சேராங்கொட்டை மாதிரி நச்சுப் பட்டியலில் உள்ள சரக்கு சேர்ந்தால், மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிடவும் என்று அச்சிட வேண்டும் என்கிறது சட்டம். அந்த வரியையும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் போட்டால் போதுமாம்! எங்கள் தையல்கார அம்மாவுக்கு இரண்டும் தெரியாது. அமுக்கராவோ அந்தப் பட்டியலிலேயே இல்லை, அதனால் அதற்கு அந்த வரியும் கிடையாது.

ஆனால் அமுக்கரா வெறும் சத்துமாவு இல்லை. தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது. ஏற்கெனவே தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு ஆகாது. சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. இலையைச் சேர்க்காதீர்கள், வேரை மட்டும் பயன்படுத்துங்கள் என்று 2021-ல் நீங்களே உற்பத்தியாளர்களுக்கு எழுதினீர்கள். நான் கையில் பிடித்த டப்பாவில் வேரா இலையா என்று எங்கேயும் இல்லை. முழு வேரை ஒடித்தால் படக்கென்று உடையும், உள்ளே மாவு மாதிரி வெள்ளையாகத் தெரியும். கேப்சூலுக்குள் போன தூளில் நான் எதைப் பார்க்க?

விற்கிற மாநிலத்தின் மொழியில் நாலு வரி கட்டாயமாக்குங்கள். எந்த பாகம், ஒரு கேப்சூலில் எவ்வளவு. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது, கர்ப்பிணிகள் சாப்பிடவே கூடாது. கண் மஞ்சளித்தால் உடனே நிறுத்த வேண்டும். அசதி மூன்று வாரம் தாண்டினால் ரத்தப் பரிசோதனை. கண்ணாடி போடாமல் படிக்கிற எழுத்தில் இருக்கட்டும். உணவுத் துறை உரிமத்தில் வருகிற அமுக்கராவுக்கும் இதையே பொருத்த அந்தத் துறையிடம் பேசுங்கள். ஒரே வேர், இரண்டு உரிமம், வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

அந்த அம்மா இப்போது அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் சுக்கு வாங்க வந்தார், முந்தானையில் முடிச்சு இல்லை. காலி டப்பா என் கல்லாப்பெட்டி பக்கத்தில்தான் இருக்கிறது. கேட்டால் பதிவுத் தபாலில் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நாட்டு மருந்துக் கடைக்காரன்,
மதுரை